கிராமருக்கு வல்லாரை கேட்டால் எப்படி?

"டாக்டர், வல்லாரையில ஏதாவது நல்ல லேகியமா எழுதிக் குடுங்க. பையனுக்கு கிராமர் மனசுல நிக்கவே மாட்டேங்குது!"

படூரில் என் வைத்தியசாலைக்குப் பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாய் இப்படிக் கேட்டார். அவர் முதலில் சொன்ன புகார் வேறு. காலையில் ஒன்பது மணி ஆனால் பையனுக்கு வயிற்று வலி. பதினொரு மணிக்குத் தானாகவே போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி லீவு எடுத்துக்கொள்ளும்!

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். மலச்சிக்கல் இல்லை, பூச்சித் தொந்தரவு இல்லை. ஏற்கெனவே குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்து, "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருந்தார்கள்.

"எந்த ஸ்கூல் தம்பி?" என்றேன்.

"ஸ்கூல் இல்ல அங்கிள். வீட்லதான் படிக்கிறேன்."

அப்போதுதான் ஒன்பது மணி ரகசியம் பிடிபட்டது. அப்பாவுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. 2020இல் ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடியபோது வீட்டுக்குள் வந்த படிப்பு, பள்ளிகள் திறந்த பிறகும் வெளியே போகவில்லை. அம்மாதான் டீச்சர். ஒன்பது மணிக்கு ஆங்கில கிராமர் புத்தகம். பத்து மணிக்கு, கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இன்னொரு புத்தக வரிசை. பதினொரு மணிக்குக் கணக்கு. கணக்கு அவனுக்குப் பிடிக்கும். வலி போய்விடும்!

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை அடுக்கு மாடிகள் எழும்ப எழும்ப, வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரையும் அங்கங்கே பார்க்கிறேன். அது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகப் போவதில்லை. நான் வைத்தியன், வாத்தியார் அல்ல. ஆனால் வாத்தியார் செய்கிற தவறு வயிற்று வலியாக மாறி என் பெஞ்சில் வந்து உட்காரும்போது, நானும் ஒரு வார்த்தை சொல்லத்தானே வேண்டியிருக்கிறது?

அடுத்த தடவை வரும்போது அந்தப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னேன். துணிப்பை நிறையக் கொண்டுவந்தார். கிராமர் புத்தகத்தில் பையன் கில்லாடி! பக்கத்துக்குப் பக்கம் டிக். பெயர்ச்சொல்லுக்கு அடிக்கோடு, வினைச்சொல்லுக்கு வட்டம், எல்லாம் சரி. கட்டுரைப் புத்தகத்தைத் திறந்தால், ஒரே வெள்ளை. பனி கொட்டுகிற ஒரு காலைப் பொழுதைப் பற்றி ஐந்து பத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். படூரில் பிறந்த பிள்ளை ஐஸ் வண்டியில்தான் பனியைப் பார்த்திருக்கும்!

இன்னொரு வேடிக்கை. அந்தக் கட்டுரைப் புத்தகத்திலேயே பாதிக்குப் பாதி இலக்கணம் இருந்தது. அதாவது அந்தப் பையன் ஒன்பது மணிக்கு இலக்கணம் படித்துவிட்டு, பத்து மணிக்கு வேறு பெயர்களில், வேறு வரிசையில், மறுபடியும் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தான். இதற்கு இரண்டு விலை!

என் மருந்துச் சீட்டையும் பேனாவையும் அவனிடம் கொடுத்து, "வர்ற வழியில என்ன பாத்தே? மூணு வரி எழுது கண்ணு" என்றேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்தான். ஒரு வரி எழுதி அடித்தான். பேனாவைக் கடித்தான். "சரி, எழுத வேணாம், சொல்லு" என்றதும் கொட்ட ஆரம்பித்துவிட்டான். நடு ரோட்டில் எருமை படுத்துக்கொண்டது, தண்ணி லாரிக்காரர் இறங்கி வந்து அதனிடம் கையெடுத்துக் கும்பிட்டது, எருமை அசை போட்டபடியே அவரைப் பார்த்தது... நானும் என் கம்பவுண்டரும் சிரித்துவிட்டோம். இவ்வளவு நினைவு வைத்திருக்கிற பிள்ளைக்கு ஞாபகசக்தி லேகியமா?

வல்லாரை மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாரம் ஒரு தடவை துவையல் அரைத்துச் சாப்பிடட்டும், நல்ல கீரை. ஆனால் வாக்கியம் எழுதிக் கொடுக்கிற வேலையை எந்தக் கீரையிடமும் எதிர்பார்க்கக் கூடாது.

எங்கள் வைத்தியத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. துணை மருந்து என்றும் சொல்வோம். திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்போம். அமுக்கரா சூரணத்தைப் பாலில் கொடுப்போம். திரிபலாவை வெந்நீரில். சூரணம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், வெறும் பொடியாக வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். அனுபானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மருந்தை மட்டும் பார்த்தால் போதாது. யார் சாப்பிடப் போகிறார், அவர் வயசு என்ன, செரிமானம் எப்படி, சர்க்கரை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் தேனைக் குழைத்துக் கொடுக்க முடியுமா?

இலக்கணம் சூரணம் மாதிரி. எழுத்துப் பயிற்சி அதற்கு அனுபானம். இலக்கணப் புத்தகம் எது என்று முடிவு செய்த பெற்றோர், "இதோடு சேர்க்க எந்த எழுத்துப் புத்தகம் பெஸ்ட்?" என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பெஸ்ட் என்று ஒன்று இல்லை. முதலில் கையிலிருக்கிற இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுங்கள். நம் தலைமுறைக்குத் தெரிந்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தின் முழுப் பெயரிலேயே கிராமரோடு 'காம்போசிஷன்' என்ற சொல்லும் இருக்கிறது. கடிதம், கட்டுரை, சுருக்கி எழுதுதல் எல்லாம் அதன் பின்பாதியில் வரும். (முன்பாதியைத் தேய்த்துவிட்டுப் பின்பாதியைத் திறக்காமலே விட்டவர்கள்தான் நம்மில் அதிகம்!) அப்படி இரண்டும் சேர்ந்த புத்தகம் வீட்டில் இருந்தால் இன்னொரு கட்டுரைப் புத்தகம் வாங்குவது மோருக்கு மேல் தயிர் ஊற்றுகிற கதைதான். இலக்கணம் மட்டுமே உள்ள புத்தகம் என்றால், எழுத்துப் புத்தகத்தில் இலக்கணம் இல்லாமலிருப்பதே நல்லது. எழுதவைப்பது மட்டும் அதன் வேலையாக இருக்கட்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்களெல்லாம் மோசம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுப் படிப்புக்காரர்கள் மத்தியில் பிரபலமான 'ரைட்டிங் வித் ஈஸ்' என்ற வரிசையை சூசன் வைஸ் பாயர் என்ற அம்மையார் எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் மூன்றே வேலைதான்: நல்ல வாக்கியத்தைப் பார்த்து எழுதுவது, சொல்வதைக் கேட்டு எழுதுவது, படித்த கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அவருக்கும் முன்பு, இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842-1923) என்ற கல்வியாளர், ஒரே தடவை படித்துக் காட்டிவிட்டுப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைப்பதைத் தன் முறைக்கே அடித்தளமாக வைத்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காப்பி நோட்டு, சொல்வதெழுதுதல், "பாட்டி சொன்ன கதையைத் திருப்பிச் சொல்லு பாக்கலாம்" - நாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்ட மூன்றும்தானே இவை! திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். மூத்த பிள்ளை சொல்ல, இளைய பிள்ளை எழுதும். சென்னையில் ஆதரவற்ற பையன்களின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயர். நம் சரக்கு கப்பலேறிப் போய், இப்போது டாலர் விலையில் திரும்பி வந்திருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் அல்ல.

இலக்கணத்தை மட்டும் தனியே போட்டு இடித்தால் எழுத்து வளருமா? 2007இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் என்ற இருவர், 4ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 'ரைட்டிங் நெக்ஸ்ட்' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எழுத்தைத் திட்டமிடவும் திருத்தவும் வழி சொல்லிக்கொடுப்பது நன்றாகவே பலன் தந்திருக்கிறது. சின்ன வாக்கியங்களை ஒன்றாக இணைத்து எழுதும் பயிற்சியும் பலன் தந்திருக்கிறது. சொற்களை வகை பிரிப்பது மாதிரியான தனி இலக்கணப் பாடமோ, எழுத்துத் தரத்தை உயர்த்தவில்லை; சற்றே இறக்கியிருக்கிறது! எழுத வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது என்பது என் ஊகம். சாப்பாட்டு நேரத்தில் டானிக் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பு எப்படித் தேறும்?

அதற்காக இலக்கணமே வேண்டாம் என்று சொல்பவர்களோடும் நான் சேர மாட்டேன். அதிலும் ஒரு சித்த வைத்தியன் அப்படிச் சொல்லவே முடியாது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒரே மாதிரி இருக்கும். 'கொடி', 'கோடி' இரண்டும் ஒன்றுதான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட வழிசெய்த பிறகுதான் அந்தக் குழப்பம் குறைந்தது. இலக்கணமும் யாப்பும் தெரிந்தவன்தான் ஏட்டில் இருப்பது இந்தச் சொல் என்று அடித்துச் சொல்ல முடியும். தெரியாதவன் ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்றை அரைத்து வைப்பான். எங்கள் தொழிலில் எழுத்துப் பிழை உயிர்ப் பிழை ஆகலாம்.

ஆக, இரண்டும் வேண்டும். எதை எதற்குப் பின்னால் வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளை எழுதட்டும். எழுதியதில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதோ, அதற்கான பாடத்தை இலக்கணப் புத்தகத்தில் தேடிப்பிடித்து அன்றைக்கு நடத்துங்கள். ஒன்றாம் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிற பையனுக்கு இன்றைக்குத் தேவை இறந்தகாலப் பாடம்தான். கூட்டுப் பெயர்ச்சொல் அடுத்த மாதம் வரட்டும். வலி காலில் இருக்கும்போது தலைக்குத் தைலம் தேய்ப்பீர்களா?

அந்தத் தாய்க்கு நான் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு இதுதான். கட்டுரைப் புத்தகத்தை ஒரு மாதத்துக்கு அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கிராமர் வாரத்துக்கு மூன்று நாள், கால் மணி நேரம். எழுத்து நான்கு நாள், இருபது நிமிடம். அதில் முதல் பத்து நிமிடம் பேச்சு. பேசி முடித்த பிறகே பேனா. ஒரு நாள் பார்த்து எழுதட்டும், ஒரு நாள் சொல்வதைக் கேட்டு எழுதட்டும், மற்ற நாள் அவன் பார்த்ததையோ கேட்டதையோ மூன்று நான்கு வரி எழுதட்டும். ஒரு பக்கத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். சிவப்பு மையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்! இந்தக் கணக்கு நூலில் உள்ளது அல்ல, என் அனுபவத்தில் போட்டது. உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

"இருபது நிமிஷம் போதுமா டாக்டர்? மத்தவங்க பிள்ளைங்க ஒரு மணி நேரம் எழுதுறாங்களே?" என்று அம்மா கேட்டார்.

மணிக்கட்டில் சின்னச் சின்னதாக எட்டு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி வரும். கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதே எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள். பேனா பிடிக்கிற விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்தி எழுதுகிற பிள்ளையை நிறுத்தி, கையை உதறச் சொல்லுங்கள். சோபாவிலும் கட்டிலிலும் குப்புறப் படுத்து எழுதவிடாதீர்கள். கால் தரையில் பாவ வேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகையைப் போடுங்கள். வெளிச்சம், வலக்கைப் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இடக்கைப் பிள்ளையைக் கை மாற்றச் சொல்லி அடிக்கிற பாவத்தை இனியாவது விட்டுவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டு வயதைத் தாண்டியும் எழுத்துகளைத் திருப்பிப் போடுகிற பிள்ளை, வாயால் அழகாகச் சொல்லிவிட்டு நாலெழுத்துச் சொல்லை எழுதத் திணறுகிற பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்கவே முடியாமல் தவிக்கிற பிள்ளை - இவர்களுக்குப் புத்தகத்தை மாற்றிப் பயனில்லை, லேகியத்தாலும் பயனில்லை. டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளும், குழந்தை மனநல நிபுணர்களும் இருக்கிறார்கள். சீக்கிரம் காட்டுங்கள். 'சோம்பேறி' என்று பெயர் வைத்து இரண்டு வருஷத்தை வீணாக்காதீர்கள். அதேபோல வயிற்று வலி எல்லாமே படிப்பு வலி என்றும் முடிவு கட்டக் கூடாது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவு, வாந்தி, காய்ச்சல், தொப்புளைவிட்டுத் தள்ளி ஓரிடத்தில் குத்துகிற வலி - இவையெல்லாம் உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை.

சரி, தமிழ் எங்கே?

அந்தத் துணிப்பையில் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. "தமிழ் வீட்ல பேசுறோமே டாக்டர்" என்றார் அம்மா. பள்ளிக்கூடம் என்றால் 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு யார் போய்ச் சட்டம் போடுவது? வீட்டுப் படிப்பில் எனக்கு உள்ள பெரிய பயமே இதுதான். இரண்டு மூன்று ஆங்கிலப் புத்தகங்களை ஜோடி சேர்ப்பதில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள், அந்தப் பிள்ளை தன் ஆயாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் வளர்கிறானே என்று பார்ப்பதில்லை.

இதற்குப் பணச் செலவும் இல்லை. தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 6ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இயலிலும் 'கற்கண்டு' என்று இலக்கணம் வரும். கூடவே 'மொழியை ஆள்வோம்' என்று எழுத்துப் பயிற்சி வரும். இலக்கணத்துக்கு ஜோடி தேடி அலைகிற வேலையை ஒரே அட்டைக்குள் முடித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னே போனால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879). 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் பள்ளி தொடங்கியவர், புத்தகத்துக்கு யாரையும் நம்பியிருக்கவில்லை. பிள்ளைகள் வாசிக்கப் 'பாலபாடம்' என்று படிப்படியான வரிசை, இலக்கணத்துக்கு 'இலக்கணச் சுருக்கம்', இரண்டையும் தாமே எழுதினார். இலக்கணத்தில் பகுதிக்குப் பகுதி கேள்விகள் வேறு. ஒரே கை எழுதியதால், பாலபாடத்தில் வாசித்த நடைக்கும் இலக்கணத்தில் படித்த விதிக்கும் சண்டை வராது. அந்தத் தமிழ் இன்றைய பிள்ளைக்குக் கடினம்தான். அதை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஜோடிப் பொருத்தம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி என்று அமெரிக்க அறிக்கை சொன்னதே, அது தமிழில் கரும்பு தின்னக் கூலி! நமக்கு எச்சம் இருக்கிறது. "மழை பெய்தது. உப்பு கரைந்தது. வேலை நின்றது." இந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். "மழை பெய்து உப்பு கரைந்ததால் வேலை நின்றது." வினையெச்சம் என்ற பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கை அதைச் செய்து முடித்த பிறகு பெயர் சொன்னால் மறக்காது.

உப்பு உதாரணம் சும்மா வரவில்லை. அந்தப் பையனின் ஆயா கூடவேதான் இருக்கிறார். அவர் கணவர் கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவிலுள்ள உப்பளத்தில் கணக்கு எழுதியவர். ஆயா ஐந்தாம் வகுப்பு. இருவரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். கழித் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வைப்பது, வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு பூப்பது, அதை வாருவது, ஒரு கோடை மழை வந்தால் மொத்தமும் போவது என்று அந்த அம்மா சொல்லச் சொல்லப் பையன் தமிழில் எழுத ஆரம்பித்தான். ஆயா திருத்தியும் கொடுத்தார். அதில் ஒரு குழப்பம். 'வேலை' என்று எழுதுகிற இடத்தில் அவர் யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை' போட்டார். பையனுக்கு ஒரே ஆச்சரியம். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு படித்தவர் அவர் என்று நான் விளக்கினேன். (நானே தும்பிக்கையில் தொடங்கி, பாதியில் புது எழுத்துக்கு மாறியவன்தான்!) இப்போது அவன் கோபம் வந்தால் தும்பிக்கை லையில் எழுதுகிறானாம்.

இலக்கணம் தேவைப்பட்ட நாளும் வந்தது. திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போனபோது கடையில் மரத்தால் செய்த ஒரு சின்ன வேல் வாங்கித் தந்திருக்கிறார் ஆயா. அன்று இரவு நோட்டில் பையன் எழுதியது: "ஆயா எனக்கு வேலை கொடுத்தாங்க." அம்மா படித்துவிட்டு, "உங்ககிட்ட என்ன வேலைடா வாங்கினாங்க?" என்று கேட்க, வீடே சிரித்திருக்கிறது. வேல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்து 'வேலை' ஆகும்போது, உருபு வெளிப்படையாக நிற்பதால் அடுத்து வல்லினம் மிகும். 'வேலைக் கொடுத்தாங்க' என்று எழுதினால் முருகன் வேல். ஒற்று இல்லாவிட்டால் ஆபீஸ் வேலை. ஒரு க் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை அவன் இனி மறக்கப் போவதில்லை. இந்தப் பாடத்தை மூன்றாம் மாதம் ஏழாம் பக்கத்தில் நடத்தியிருந்தால் அவன் கொட்டாவி விட்டிருப்பான்.

அப்பாவுக்கு ஒரு கவலை. "இதெல்லாம் ஜாலியா இருக்கு சார், பரீட்சைன்னு வந்தா?" நியாயமான கேள்வி. வீட்டில் படிக்கிற பிள்ளைகளில் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத்தான் போகிறார்கள். 1989இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையாக மூன்று நிலைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம், ஒரு மொழியாவது கட்டாயம், இரண்டு வரை எடுக்கலாம், தமிழும் உண்டு. கணினி முன் உட்கார்ந்து டிக் அடிக்கிற விளையாட்டு அங்கே செல்லாது. பேனாவால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பத்து வயதில் மூன்று வரி சொந்தமாக எழுதுகிறவனுக்கு நாலு வருஷத்தில் மூன்று பக்கம் வரும். சொந்த வரி ஒன்றுகூட வராதவனுக்குப் பெயர்ச்சொல்லின் அடியில் கோடு போடத்தான் வரும். அதற்கு அங்கே மார்க் கிடையாது.

ஒரு மாதம் இரண்டு மாதமானது. போன வாரம் வந்திருந்தார்கள். பூட்டி வைத்த கட்டுரைப் புத்தகத்தை எடுக்கலாமா என்று அம்மா கேட்டார். எடுங்கள், ஆனால் பனியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அவனுக்குத் தெரிந்ததைப் போடுங்கள் என்றேன். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய்வந்ததை அவன் ஏற்கெனவே இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். ஒரு மணி நேரமாக அசையாமல் கிடந்த முதலையைப் பொம்மை என்று நினைத்து அப்பா போட்டோ எடுக்கக் குனிந்ததும் அது வாயைத் திறந்ததாம். அந்தப் பக்கத்தில் ஒன்பது பிழை எண்ணினேன். அம்மா ஒன்றை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

வயிற்று வலி? திங்கட்கிழமை மட்டும் இன்னும் வருகிறதாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கே அந்த வலி உண்டு!